இரண்டாம் முறை கூப்பிட ஆளில்லை: கடலூரிலும் புதுச்சேரியிலும் தன்னார்வ ரத்ததானம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ பெரிய மருத்துவமனை எதன் வாசலில் போய் நின்றாலும், கைப்பேசியும் காதுமாக அங்குமிங்கும் நடக்கும் ஒருவர் கண்ணில் படுவார். "மாமா, நம்ம சின்னவன் ஓ பாசிட்டிவ்தானே? காலையில எட்டு மணிக்குள்ள வர முடியுமான்னு கேளுங்களேன்." உள்ளே அவருடைய அம்மாவுக்கோ மனைவிக்கோ மறுநாள் அறுவை சிகிச்சை. "ரெண்டு யூனிட் அரேஞ்ச் பண்ணிக்கோங்க" என்று வார்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நோயாளிக்குச் சாப்பாடு வாங்க வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில், ரத்தம் கொடுக்கத் தகுதியுள்ள இரண்டு பேரைப் பிடித்துவரும் வேலையும் அவர் தலையில்தான்.

இந்த வழக்கத்துக்கு மருத்துவமனைகளில் ‘ரீப்ளேஸ்மென்ட்’ என்று பெயர். நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக அவர் குடும்பம் வேறொருவரை அழைத்துவந்து கொடுக்க வைப்பது. நமக்குத் தேவை, நாமே கொடுக்கிறோம், இதில் என்ன குறை என்று பலரும் கேட்கிறார்கள். ரத்ததானம் ஒரு நிலையான ஏற்பாடாக வேர்பிடிக்காமல் இருப்பதற்கு முதல் காரணமே இந்த வழக்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பணத்துக்கு ரத்தம் கொடுப்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் பிழைப்பாகவே நடந்தது. வறுமையில் இருந்தவர்கள் உடம்பு தேறும் முன்பே மறுபடியும் மறுபடியும் கையை நீட்டினார்கள். 1986இல் நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டபோதுதான், அந்த ரத்தம் எவ்வளவு ஆபத்தானது என்ற அச்சம் பரவலாயிற்று. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாத ரத்த வங்கிகளை ஓராண்டுக்குள் மூட வேண்டும், காசுக்கு ரத்தம் கொடுக்கும் முறையை இரண்டாண்டுக்குள் ஒழிக்க வேண்டும், தேசிய அளவிலும் மாநிலங்களிலும் குருதிப் பரிமாற்றுக் குழுமங்களை அமைக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கட்டளைகள். 1998 ஜனவரி 1 முதல் ரத்த வியாபாரம் தடைசெய்யப்பட்டது.

தடை வந்தது. காசுக்குக் கொடுத்தவர்கள் விட்டுப்போன இடத்தைத் தன்னார்வலர்கள் முழுவதுமாக நிரப்பவில்லை. உறவுக்காரர்கள் நிரப்பினார்கள். 2002இல் வெளியான தேசிய ரத்தக் கொள்கை இதையும் படிப்படியாக விலக்க வேண்டும் என்றே சொல்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் வாசலில் அந்த மனிதர் நடந்துகொண்டுதான் இருக்கிறார். உறவு பெரிதாக இருப்பவருக்கு ஆள் கிடைத்துவிடும். திட்டக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிரசவத்துக்கு மனைவியை அழைத்துவந்த, நகரத்தில் ஒருவரையும் தெரியாத கூலித் தொழிலாளிக்கு எங்கிருந்து கிடைக்கும்? அந்த இடத்தில்தான் "ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவர் வந்து நிற்க வழி பிறக்கிறது. படிவத்தில் ‘நண்பர்’ என்று எழுதிவிட்டால், உண்மையில் அவர் யார் என்று ரத்த வங்கி ஊழியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நீதிமன்றம் அடைத்த கதவு பின்பக்கமாகத் திறந்துகொள்கிறது.

உண்மையான உறவினரே வந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை கட்டாயம். ஆனால் கிருமி உடம்புக்குள் நுழைந்த முதல் சில நாள்களில், சில வாரங்களில், பரிசோதனைக்குப் பிடிபடாமல் ஒளிந்திருக்கும் இடைவெளி ஒன்று இருக்கிறது. ‘நாட்’ என்ற மரபணுப் பரிசோதனை அந்த இடைவெளியைக் குறைக்கும், முழுவதுமாக மூடாது. நாடு முழுக்க அது கட்டாயமும் இல்லை. ஆகவே கடைசிப் பாதுகாப்பு கொடையாளர் வாயிலிருந்து வரும் உண்மைதான். "சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்திக்கொண்டீர்களா, பாதுகாப்பற்ற உறவு ஏதும் உண்டா" என்ற கேள்விகளுக்கு, எந்தக் கட்டாயமும் இல்லாமல் வந்தவர் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். சித்தப்பாவின் அறுவை சிகிச்சைக்காக அழைத்துவரப்பட்டு, வெளியே குடும்பமே காத்திருக்க, உள்ளே உட்கார்ந்திருக்கும் இளைஞன் "நான் கொடுக்கக் கூடாது" என்று எப்படிச் சொல்வான்?

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்தவர் 19 வயது இளைஞர். தன் உறவுக்காரப் பெண்ணுக்காகக் கொடுக்க வந்தவர். அந்தப் பெண்ணுக்கு அது பயன்படாமல் போக, பொது இருப்பில் சேர்ந்து வேறொருவருக்குப் போயிற்று. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், அவரே ஓடிவந்து மருத்துவமனைக்குச் சொன்னார். பிறகு விஷம் குடித்தார், பிழைக்கவில்லை. 2016இல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்ததும், அவருக்கு அது தெரிவிக்கப்படாததும் பின்னர் வெளிவந்தன. பரிசோதனையில் நடந்த தவறு தனி. ரத்தம் கொடுத்த ஒருவரை மறுபடி தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது. சொல்லியிருந்தால் ஹெச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்துக்குப் போயிருப்பார், மருந்து எடுத்திருப்பார், இன்னொரு முறை கையை நீட்டியிருக்கவும் மாட்டார்.

முந்நூறு பேரில் ஒருவர்

உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவரும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்கு ஈடான எண்ணிக்கையில் ஆண்டுதோறும் யூனிட்டுகள் கிடைத்தால் ஓர் ஊரின் அடிப்படைத் தேவையைச் சமாளிக்கலாம். 2011 கணக்கெடுப்புப்படி கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 26 லட்சம் பேர். காரைக்கால், மாகே, ஏனாம் சேர்த்துப் புதுச்சேரியில் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர். அந்தக் கணக்கில் கடலூருக்கு ஆண்டுக்கு 26,000 யூனிட், புதுச்சேரிக்கு 12,500 யூனிட் வேண்டும்.

கேட்கும்போது மலைப்பாக இருக்கும். விதிகளைப் பார்த்தால் மலைப்பு குறையும். 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள ஆண் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆண்டுக்கு மூன்று முறை என்று வைத்துக்கொண்டால் கடலூருக்குத் தேவை சுமார் 9,000 பேர். புதுச்சேரிக்குச் சுமார் 4,200 பேர். இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட 300 பேரில் ஒருவர். ஒரு நடுத்தரக் கிராமத்துக்கு ஏழெட்டுப் பேர். தவறாமல் வருகிற ஏழெட்டுப் பேர்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் புதுச்சேரிக்காரர்கள் மட்டும் அல்லர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மருக்கு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று சுற்றுவட்டாரமே வருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சை, இதய அறுவை சிகிச்சை, சாலை விபத்து என்று ரத்தம் அதிகம் கேட்கும் நோயாளிகள்தாம் அங்கே அனுப்பப்படுகிறார்கள். அதனால் புதுச்சேரியின் தேவை அந்த 1 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும். இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், தவறாமல் வரும் கொடையாளர்கள் சில ஆயிரம் பேர் போதும் என்ற உண்மை மாறாது.

நம்மிடம் நல்ல மனசுக்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. 2004 சுனாமியின்போதும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டபோதும், 2015 வெள்ளத்திலும் இந்த இரண்டு ஊர் மக்களும் ஒருவருக்கொருவர் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரத்ததான முகாம் என்று பேனர் கட்டினால் இளைஞர்கள் வருகிறார்கள். வந்தவர் மறுபடி வருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அங்கேதான் எல்லாம் நழுவுகிறது.

முகாமும் காலண்டரும்

தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், ஆண்டு விழா. நம் முகாம்களில் பெரும்பகுதி இப்படி ஒரு தேதியை ஒட்டியே நடக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ரசிகர் மன்றங்கள் நற்பணி மன்றங்களாக மாறி ரத்ததானத்தைக் கையில் எடுத்தது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. பலர் முதல்முறை ஊசி குத்திக்கொண்டது அப்படி ஒரு பிறந்தநாளில்தான். ஆனால் ரத்தம் மூட்டை கட்டி வைக்கும் நெல் அன்று. 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் சிவப்பணுக்களின் ஆயுள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்தான். தட்டணுக்கள், நாம் பிளேட்லெட் என்கிறோமே, அவை அறை வெப்பநிலையில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் 5 நாள் இருக்கும்; ஆறாம் நாள் கொட்ட வேண்டியதுதான். பிளாஸ்மா மட்டும் உறைநிலையில் ஓராண்டு தாங்கும். ஒரே நாளில் 300 பேர் கொடுத்தால், அந்த வாரம் குளிர்பெட்டி நிறைந்து வழியும். ஆறு வாரம் கழித்து அதே பெட்டி காலி. அந்த 300 பேரும் 90 நாள் முடியும்வரை கொடுக்கவும் முடியாது.

கல்லூரி முகாம்கள் இன்னொரு தூண். நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் எல்லாம் சேர்ந்து நல்ல வேலை செய்கின்றன. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. அந்தத் தூண் அப்படியே சாய்ந்துவிடும். கோடையில் விபத்துகளும் பிரசவங்களும் விடுமுறை எடுப்பதில்லை. கல்லூரியில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. "ரத்தம் கொடுத்தா ஓ.டி. போட்டுத் தருவாங்க" என்று, அதாவது வகுப்புக்கு வராமலே வருகை கிடைக்கும் என்று, வகுப்பில் பேச்சு ஓடினால், உறவினர் கட்டாயத்தில் இருந்த அதே கோளாறு வேறு வடிவில் உள்ளே வந்துவிடும். வருகைப் பதிவுக்காக உட்காரும் மாணவன் கேள்விகளுக்கு எல்லாம் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போவான்.

இந்தக் கோடைப் பள்ளத்துக்கு நம் கரையிலேயே ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் கரையேறி நிற்கும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம், வம்பாகீரப்பாளையம் போன்ற ஊர்களில் உழைத்து இறுகிய உடம்புள்ள இளைஞர்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டும் வீட்டில் இருக்கும் காலம். ஊர்ப் பஞ்சாயத்து ஒரு வார்த்தை சொன்னால் ஊரே திரளும் கட்டுக்கோப்பும் அங்கே உண்டு. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் அதே எட்டு வாரம். முகாம்களை அந்த ஊர்களில் வாரம் ஒன்றாகப் பிரித்து வைத்தால் பெரிய பள்ளம் நிரம்பும். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் தினம்; ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ஸ்டைனர் பிறந்த நாள். அன்றைக்கு மீனவர் ஊரில் முகாம் வைப்பதுதான் வீண் வேலை. நள்ளிரவில் தடை முடிகிறது. ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டிருப்பவர்களை யாரும் படுக்க வைக்க முடியாது, ரத்தம் கொடுத்த கையோடு கடலுக்கு அனுப்பவும் கூடாது. தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் வீட்டுச் சாப்பாடே குறைந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஹீமோகுளோபின் பார்த்து, மனமறிந்து கேட்க வேண்டும். கணக்குக்காக ஆள் சேர்க்கக் கூடாது.

அடுத்தது மழைக்காலம். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான தினம். அதோடு வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. டெங்குவும் தலை தூக்குகிறது. பிளேட்லெட் தேவை உச்சத்துக்குப் போகிற அதே வாரங்களில் புயல் வந்து முகாம்களை ரத்து செய்கிறது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம். சாலை துண்டானால் கொடையாளர் வர முடியாது, கொடுத்த ரத்தமும் போக முடியாது. முழு ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டையும் பிளாஸ்மாவையும் பிரிக்க வேண்டுமானால், எடுத்த சில மணி நேரத்துக்குள் அது பிரிக்கும் எந்திரத்தை அடைந்தாக வேண்டும். விருத்தாசலத்துக்கு அப்பால் நடக்கும் முகாமில் இந்த நேரக் கணக்கு நல்ல வெயில் நாளிலேயே நெருக்கடி.

தேவை என்று நாம் சொல்வது எல்லாமே தேவைதானா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. டெங்குவில் ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் 10,000க்குக் கீழே போகும்வரை முன்கூட்டியே ஏற்றத் தேவையில்லை என்பதே நம் நாட்டு வழிகாட்டுதல். ரிப்போர்ட்டில் 40,000 என்று பார்த்ததும் வீட்டார் பதறிப்போகிறார்கள். "ஏத்துங்க டாக்டர்" என்று கெஞ்சுகிறார்கள். அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஏறிய ஒவ்வொரு பையும் ரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒரு குழந்தைக்குக் கிடைக்காமல் போன பையாக இருக்கலாம். மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் தீரும் விஷயம் இது. அந்தப் பத்து நிமிடம்தான் நம் வார்டுகளில் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "அவசரம், ஓ நெகட்டிவ்" என்று வரும் செய்திகளோ, தேதி இல்லாமல் கிளம்பி, நோயாளி வீடு திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் சுற்றுகின்றன. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கே எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று காட்ட 2016இல் தொடங்கிய இ-ரக்த்கோஷ் தளம் இருக்கிறது. அந்தந்த ரத்த மையம் (ரத்த வங்கி) அன்றாடம் பதிவிட்டால்தான் அதற்குப் பொருள்.

‘ரத்தம் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள்

முகாமில் பெண்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வருகிற பெண்களிலும் பலர் மேசையைத் தாண்டுவதில்லை. விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு நீலநிறக் காப்பர் சல்பேட் கரைசலில் மூழ்க வேண்டும். மிதந்தால் ஹீமோகுளோபின் போதாது. "உங்களுக்கே ரத்தம் இல்லம்மா, போயி நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தோழிகள் எதிரில் அதைக் கேட்ட பெண் அடுத்த முறை வருவாரா? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. பாதிக்கு மேல். கொடையாளர் பட்டியலில் பாதியை முதலிலேயே அடித்துவிட்டுத்தான் நாம் தட்டுப்பாடு என்று பேசுகிறோம்.

ரத்தம் கொடுக்க வந்து திரும்பிய பெண், தனக்கு ரத்தசோகை இருப்பதை அன்றுதான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டிருக்கலாம். அவர் பெயரும் எண்ணும் படிவத்தில் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அந்த மேசையிலேயே ஒரு அட்டை மாத்திரையும் மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி ஒரு சீட்டும் கொடுக்க என்ன செலவாகும்? ஒருமுறை கொடுக்கும் ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து போகிறது. தொடர்ந்து கொடுக்கும் ஆண்களுக்குமே அந்த மாத்திரை தேவைப்படலாம். கொடையாளரின் உடம்பைக் கவனிப்பதும் ரத்த மையத்தின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் வளரவில்லை.

கொடுத்த பிறகு

முதல்முறை கொடுத்தவர் மறுபடி வருவாரா என்பது பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்தினால், எழுந்ததும் தலைசுற்றி விழுந்தால், விழுந்தவரைத் தாங்க ஆளில்லாமல் போனால், கதை அதோடு முடிந்தது. வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்று கேட்பதும், தண்ணீர் குடிக்க வைப்பதும், முடிந்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பதும் பேனரைவிட முக்கியமான காரியங்கள். "ரத்தம் கொடுத்தா உடம்பு வீக்காயிடும்" என்ற பயத்துக்கு மேடைப் பேச்சைவிட நல்ல பதில், கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணன்தான். இழந்த திரவம் ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பிவிடும்.

அதற்குப் பிறகு? சான்றிதழ், ஜூஸ், ஒரு புகைப்படம். 90 நாள் கழித்து அவரை யாரும் அழைப்பதில்லை. ரத்த மையத்தின் பதிவேட்டில் அவருடைய வகை, எண், தேதி எல்லாமே இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைத் திறந்து, "தம்பி, போன முறை கொடுத்து மூணு மாசம் ஆச்சு, இந்த வாரம் ஏ பாசிட்டிவ் குறைவா இருக்கு, வெள்ளிக்கிழமை வர முடியுமா?" என்று கேட்பது யாருடைய வேலை என்பதற்குப் பல இடங்களில் விடை கிடையாது. ஆலோசகர் இருந்தால் அவருக்குப் படிவம் நிரப்பவே நேரம் சரியாக இருக்கும்; ஒப்பந்தப் பணி, குறைந்த சம்பளம், மாற்றாள் கிடையாது. ஆண்டு அறிக்கையில் எத்தனை முகாம், எத்தனை யூனிட் என்று கேட்கிறார்கள். சென்ற ஆண்டு கொடுத்தவர்களில் இந்த ஆண்டு எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தாலே மையங்களின் கவனம் திரும்பும். அந்த ஓர் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

நம்பிக்கையைக் கெடுக்கும் இன்னொன்று பணம். "நாங்க சும்மா கொடுத்த ரத்தத்தைக் காசுக்கு விக்கிறாங்க" என்ற பேச்சு டீக்கடையில் சாதாரணமாகக் கேட்கும். பை, பரிசோதனை, பிரித்தெடுத்தல், குளிர்பதனம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதற்காக வாங்கும் பதப்படுத்தும் கட்டணத்துக்கு உச்சவரம்பும் உண்டு. 2022இல் திருத்தியபடி ஒரு யூனிட் முழு ரத்தத்துக்கோ சிவப்பணுக்களுக்கோ அரசு மையங்களில் 1,100 ரூபாய், தனியாரில் 1,550 ரூபாய். அதற்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது, ரத்தம் விற்பனைக்கு அல்ல என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குப் பிறகு மறுபடி அறிவுறுத்தியது. இந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வைத்தால் பாதிச் சந்தேகம் தீரும். சுவீடனில் ஒருவர் கொடுத்த ரத்தம் நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் கொடையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. நம் ஊரில் கேஸ் சிலிண்டர் வந்து சேர்ந்ததற்கே செய்தி வருகிறது, இதற்கும் அனுப்பலாம்.

வேலைநாளில் வரச் சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் ரத்தம் கொடுத்தால் அந்த நாளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு எடுக்கலாம். ஆண்டுக்கு நான்கு முறை வரை. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கும், பண்ருட்டி முந்திரி உடைக்கும் கூடத்தில் இருப்பவருக்கும் அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. அவர்களுக்காக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மையம் திறந்திருக்க வேண்டும். பெரும்பாலான மையங்களில் கொடையாளர் வரவேற்கப்படும் நேரம் அலுவலக நேரம்தான்.

முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர் போல இருக்கும். முள்ளோடையில் எல்லை. பேருந்தில் போகிறவருக்கு மதுக்கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் மாநிலம் மாறியது தெரியும். ரத்தத்துக்கு மட்டும் அந்தக் கோடு மிகக் கனமானது. கடலூருக்குத் தமிழ்நாட்டுக் குருதிப் பரிமாற்றுக் குழுமம், புதுச்சேரிக்குத் தனிக் குழுமம், ஜிப்மர் மத்திய அரசின் கீழ். கடலூர்க்காரர் தன் ஊரில் பத்து முறை கொடுத்திருப்பார். அவருடைய அப்பாவை எல்லை தாண்டிய ஒரு மருத்துவமனையில் சேர்த்தால், கையிலிருக்கும் கொடையாளர் அட்டைக்கு அங்கே மதிப்பு இருக்குமா என்பது நிச்சயமில்லை. "ஆள் கூட்டி வாங்க" என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. தன்னார்வலர்கள் மனம் உடையும் இடம் இது. நோயாளிகள் ஒரே வட்டாரமாகப் பயணிக்கும்போது கொடையாளர் பதிவேடும் ஒரே வட்டாரமாக இருப்பதுதான் முறை.

இது முடியாத காரியமா என்றால், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் முடிந்திருக்கிறது. இலங்கை 2014இல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைக்கு மாறிவிட்டது. அங்கே ரத்த சேவை ஒரே தேசிய அமைப்பின் கீழ் இயங்குகிறது. நீண்ட போரைக் கண்ட, நம்மைவிடப் பணக்கார நாடு என்று சொல்ல முடியாத தீவு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படுத்திருக்கும் நோயாளியின் பிள்ளை ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 2009இல் மெல்போர்னில் கூடிய நிபுணர்கள் 2020க்குள் உலகம் முழுவதும் இந்த நிலையை எட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். நாம் எட்டவில்லை. இங்கே ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு மையம் வைத்துக்கொண்டு தனித்தனியாக ஆள் தேடுகிறது; ஒன்றில் காலாவதியாகிக் கொட்டுகிற அன்றைக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் இல்லை என்கிறார்கள்.

நெகட்டிவ் வகைக்காரர்கள் விஷயத்தில் இந்தச் சிதறல் இன்னும் கொடுமை. நம் நாட்டில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர்தான் நெகட்டிவ். அதிலும் ஓ நெகட்டிவ் மிகச் சிலர். 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகை அதைவிட அரிது. நம் நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். இவர்களைப் பிறந்தநாள் முகாமில் மற்றவர்களோடு வரிசையில் படுக்க வைத்து எடுப்பது பல சமயம் வீணாகிறது. பை 42 நாளில் காலாவதியாகும். அடுத்த வாரமே நெல்லிக்குப்பத்துத் தாய் ஒருவருக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு வந்து அதே வகை தேவைப்படும்போது, கொடுத்தவருக்கு 90 நாள் முடிந்திருக்காது. இருப்பு போதுமான அளவு இருந்தால் அவரிடம் அன்று எடுக்காமல், எண்ணை மட்டும் வாங்கி வைத்து, தேவை வரும் நாளில் அழைப்பதே சரியான முறை. அதற்கு, இரு ஊர்களிலும் உள்ள நெகட்டிவ் வகைக்காரர்கள் யார் யார், கடைசியாக எந்தத் தேதியில் எந்த மையத்தில் கொடுத்தார்கள் என்ற விவரம் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பணியில் இருப்பவருக்கும் புதுச்சேரி கோரிமேட்டில் பணியில் இருப்பவருக்கும் ஒரே திரையில் தெரிய வேண்டும்.